கேபின் ஓட்டை வழியாகக் கில்லி

தியேட்டர் ஆபரேட்டருக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்காது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி ஒழுங்காக எரிகிறதா, ஃபோகஸ் சரியா, ரீல் மாற்றச் சொல்லும் புள்ளி திரையின் வலது மூலையில் வந்துவிட்டதா என்று ஓட்டை வழியாகப் பார்ப்பதோடு சரி. கதையைக் காதால்தான் கேட்போம். ஜனம் எங்கே கத்துகிறது, எங்கே கதவைத் தள்ளிக்கொண்டு டீக்குப் போகிறது என்பது மட்டும் அத்துப்படி.

2004 ஏப்ரலில் 'கில்லி' வந்தபோது முதல் வாரக் கூட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஜய் படத்துக்கு முதல் வாரம் யார்தான் வரமாட்டார்கள்? மூன்றாவது வாரம்தான் சந்தேகம் வந்தது. பாட்டு என்றாலே வெளியே போகிறவர்கள் 'அப்படிப் போடு' கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு சண்டைக்கு அல்ல. போலீஸ்கார அப்பாவுக்குத் தெரியாமல் கதாநாயகி தனலட்சுமியை வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைக்கும் கூத்துக்கும், அண்ணனோடு மல்லுக்கட்டும் தங்கச்சிக்கும்.

கதை புதிதில்லை. 2003-இல் தெலுங்கில் வந்த 'ஒக்கடு'தான். அங்கே சார்மினார், இங்கே கலங்கரை விளக்கம். ஆனால் இயக்குநர் தரணி அதை நம் வீட்டுக் கதையாக்கிவிட்டார். அப்புறம் டிவி. எந்த இடத்தில் போட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம், விட்டுப்போன பாதியை யாரும் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய ஆரவாரத்தோடு வந்த எத்தனையோ படங்களின் பெட்டியை நானே கட்டி அனுப்பியிருக்கிறேன். அதோடு சரி.

2024 ஏப்ரல் 20-இல் அதே படம் 4கே-யில் மறுபடி வந்தது. இப்போது ரீலும் இல்லை, கார்பனும் இல்லை. படத்தைச் சர்வரில் ஏற்றி, திறக்கும் கீ வந்துவிட்டால் போதும். கை சும்மா இருந்ததால் அன்றுதான் படத்தை முழுதாகப் பார்க்க உட்கார்ந்தேன்.

பார்த்தேன், கேட்க முடியவில்லை. படம் வந்தபோது பிறந்தே இராத பையன்கள், முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்குள் 'செல்லம்' என்று கூவினார்கள். வில்லனுக்கு இவ்வளவு விசிலா! சவுண்டை ஏற்றினேன். அவர்களும் ஏற்றினார்கள். சரி என்று பழைய அளவுக்கே குறைத்துவிட்டேன்.