மாதக் கணக்கு பொய் சொல்லும்

பகல் முழுவதும் ஒரு நிறுவனத்தின் வரவு செலவைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டுத் தொகையை அங்கே யாரும் ஒரே மாதத்தின் தலையில் ஏற்றிவிட மாட்டார்கள். பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு மாதத்திலும் அதன் பங்கை எழுதுவோம். எழுதாவிட்டால் தணிக்கையாளர் விடமாட்டார். வீட்டுக்குத் தணிக்கையாளர் கிடையாது. அதனால் சம்பளம் வந்த நாளில் தொடங்கி அடுத்த சம்பளத்தோடு முடிகிற ஒரு கணக்குதான் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. அந்தக் கணக்கு பல மாதங்கள் சமர்த்தாக இருக்கும். பள்ளி திறக்கும் மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. வசதி என்று சொல்ல முடியாது. வறுமை என்று சொன்னால் அதுவும் பொய். இழுத்துப் பிடித்தால் போதும், கொஞ்சம் அசந்தால் துண்டு விழும் என்ற நிலை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்ல எப்போதும் ஆள் உண்டு. வெளியே சாப்பிடாதீர்கள், விளக்கை அணையுங்கள், எழுதி வையுங்கள் என்பார்கள். வெளியே சாப்பிடுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. விளக்கை என் மாமியார் அணைத்துவிடுவார், நாங்கள் அறையில் இருந்தாலும்கூட. இதற்கு மேலும் துண்டு விழுகிறது என்றால் ஓட்டை வேறெங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்?

ஒரு வருடத்து நோட்டைப் புரட்டி, 'திடீர்ச் செலவு' என்று நாங்கள் எழுதியிருந்தவற்றை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதினேன். பள்ளிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை. காலணி. வகுப்புத் தோழர்களின் பிறந்தநாள் பரிசுகள். காப்பீடு. சுற்றுலாவுக்குப் பள்ளி கேட்ட பணம். மகனுக்குப் பல் வைத்தியம். வண்டிக்கு டயர். இவற்றில் எது திடீர்? இரண்டாம் தவணை வரும் என்று முதல் தவணை ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. தோழர்கள் ஆண்டுதோறும் பிறக்கத்தான் செய்கிறார்கள். டயர் தேய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் ஏறி உட்காருகிறோம். அந்தத் தாளில் உண்மையிலேயே எதிர்பாராதவை என்று மிஞ்சியது மகளுக்கு வந்த காய்ச்சலும், குளிர்பதனப் பெட்டி நின்றுபோனதும்தான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பிள்ளைகள் மாதக் கணக்கில் வளர்வதில்லை. பிறந்த முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வளர்கிற குழந்தை, நான்கைந்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் என்று நிதானப்படுகிறது. பருவ வயதில் மறுபடியும் வேகமெடுக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும். மருத்துவப் பாடம் நடத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மகனுக்குச் சட்டை ஓர் அளவு பெரிதாக எடுத்தால் நிம்மதியாக ஒன்றரை வருடம் ஓடுகிறது. மகளுக்கு அதே உத்தி இப்போது செல்லாது. இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவள் துணிக்கு இரண்டு மடங்கு எழுதித்தான் ஆக வேண்டும். அவனுடைய முறை சில ஆண்டுகள் கழித்து வரும். இருவரும் ஒரே நேரத்தில் ஓங்கி வளராதது என் அதிர்ஷ்டம். காலணியில் மட்டும் பெரிதாக எடுக்கும் சாமர்த்தியம் வேண்டாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடமிருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளை தடுக்கி விழும், காலணியும் மடிந்து சீக்கிரம் கிழியும்.

மகளின் சீருடைப் பாவாடை ஒன்றைச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே அடி ஓரத்தை நான்கு விரற்கடை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லியிருந்தேன். பாதி வருடத்தில் முழங்கால் தெரிந்தது. தையலைப் பிரித்து இறக்கினேன். வெயிலும் துவைப்பும் பட்டு மேலெல்லாம் வெளுத்திருக்க, உள்ளே மடிந்திருந்த பகுதி மட்டும் வாங்கிய நாளின் கருநீலத்திலேயே இருந்தது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெள்ளை வரி வேறு. எத்தனை இஸ்திரி போட்டாலும் அது போகவில்லை. மகள் பாவாடையைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தாள். "அம்மா, இதைப் பார்த்தாலே நான் எத்தனை அங்குலம் வளர்ந்திருக்கிறேன் என்று வகுப்பே சொல்லிவிடும்" என்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆனால் மறுநாள் பழைய பாவாடையில்தான் போனாள், முழங்கால் தெரிந்தாலும் பரவாயில்லை என்று. பிறகு அந்த வரியின் மேல் அதே நிறத்தில் ஒரு பட்டி வைத்துத் தைத்ததும் போட்டுக்கொண்டாள். சிக்கனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைப் பிள்ளையின் வகுப்பறைதான் வரைகிறது, நாம் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். தாளில் எழுதிய அத்தனையையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் என் கணவர், "இதை ஒதுக்கிவிட்டால் மாதத்தை எதை வைத்து ஓட்டுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாதந்தோறும் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்பவர்கள் எல்லோரும் நழுவிப்போகும் இடம் இதுதான். முதல் ஆண்டில் ஒதுக்கீடு இரட்டைச் சுமை. இந்த ஆண்டின் கட்டணத்தை வழக்கம்போலத் திணறிக் கட்ட வேண்டும். கூடவே அடுத்த ஆண்டின் கட்டணத்துக்கும் எடுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே துண்டு விழுகிற வீட்டில் இது எப்படி நடக்கும்?

எங்களுக்கு வழி திறந்தது சிக்கனத்தால் அல்ல. வண்டிக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை முடிந்தது. அந்தத் தொகை இல்லாமல் வாழ வீடு பழகியிருந்தது. அதை வீட்டுச் செலவோடு கலக்கவிடாமல், அதே தேதியில், அதே தொகையை, வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தோம். கடன் முடிந்ததை வீட்டில் யாருக்கும் கொண்டாடத் தோன்றாதபடி செய்ததுதான் அதன் வெற்றி. குழந்தைக் காப்பகக் கட்டணம் நிற்கிற மாதம், ஏதாவது ஒரு தவணை முடிகிற மாதம், சம்பளம் சற்றே உயர்கிற மாதம் ஆகியவை எல்லா வீட்டிலும் எப்போதாவது வரும். வந்த வேகத்தில் செலவு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்னால் துண்டு போட்டு இடம் பிடித்துவிட வேண்டும்.

அப்படி எதுவும் முடிகிற நிலையில் இல்லாதவர்கள், பட்டியலில் அடுத்து வரப்போகும் ஒரே ஒரு செலவுக்கு மட்டும் தொடங்கலாம். காலணிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதா, ஐந்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தால் போதும். பட்டியல் முழுவதையும் முதல் மாதமே சுமக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். சம்பளத்தில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 விருப்பங்களுக்கு, 20 சேமிப்புக்கு என்று ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து பின்னர் செனட்டரான எலிசபெத் வாரன் பரப்பியது. சூத்திரத்தில் தப்பில்லை, அது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. 1857இலேயே எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் குடும்பச் செலவுக் கணக்குகளைப் பார்த்துவிட்டு, வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று சொல்லிவிட்டார். வாடகையும் சாப்பாடும் பள்ளியும் சேர்ந்தே முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும் வீட்டில் 30 சதவீத விருப்பத்துக்கு எங்கே போவது? அந்தச் சூத்திரத்தோடு ஒப்பிட்டுத் தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் தோழிகளைப் பார்த்திருக்கிறேன். தாளைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன்.

அதைவிடப் பயனுள்ள வேறு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, 28 நாள் 'மாதம்'. 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் எந்தச் சந்தாவும் வருடத்துக்குப் பதின்மூன்று முறை பணம் கேட்கும். பன்னிரண்டு என்று எழுதி வைத்தால் ஒன்று உதைக்கும். இன்னொன்று, தவணை வட்டி. "வெறும் 12 சதவீதம்தான்" என்று சொல்லி, முழுக் கடனுக்கும் முழு வருடத்துக்கும் சேர்த்து வட்டி போட்டு, பன்னிரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் நாம் மாதந்தோறும் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். பாதி வருடம் போனபிறகு பாதிக் கடன்தான் நம் கையில் இருக்கிறது. வட்டியோ முழுக் கடனுக்கு. நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் சொன்னால் அது 21 சதவீதத்துக்கு மேல். மகளுக்கு மேசை வாங்கப் போனபோது இதைக் கடைக்காரரிடமே காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, ரொக்கமாக வாங்கினால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். ரொக்கம் சேர நான்கு மாதம் ஆனது. அதுவரை மகள் சாப்பாட்டு மேசையில் படித்தாள். இப்போது மேசை வந்த பிறகும் அங்கேதான் படிக்கிறாள்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில் எனக்கும் அவருக்கும் நெடுநாள் வழக்கு. குழந்தைகளுக்கு எதற்குப் பணக்கவலை என்பது அவர் கட்சி. கவலையைச் சொல்ல வேண்டாம், கணக்கைச் சொல்லலாம் என்பது என் கட்சி. மகன் கேட்ட பொம்மைக்கு "பணம் இல்லை" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அவன் கண்முன்னால் மின்கட்டணத்துக்குப் பணத்தை எண்ணுகிறோம். அவன் மனதில் என்ன ஓடும்? பணம் இருக்கிறது, அம்மா பொய் சொல்கிறாள் என்றுதானே. பிள்ளைகளைப் போன்ற தணிக்கையாளர்கள் எந்த நிறுவனத்திலும் கிடையாது. "அதற்கென்று எடுத்து வைக்கவில்லை, வேண்டுமானால் பட்டியலில் எழுதலாம்" என்று சொல்லத் தொடங்கியபிறகு நச்சரிப்பு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். வடிவம் மாறியிருக்கிறது. இப்போது பட்டியலில் எழுதச் சொல்லி நச்சரிக்கிறான். எழுதியவற்றில் பாதியை இரண்டு மாதம் கழித்து அவனே அடிக்கச் சொல்கிறான் என்பது உபரி லாபம்.

மகளிடம் எழுதுபொருள் செலவை முழுமையாகக் கொடுத்துவிட்டேன். ஒரு பருவத்துக்கு இவ்வளவு, தம்பிக்கும் சேர்த்து. மிச்சம் பிடித்தால் அவளுக்கு. அன்றிலிருந்து வீட்டில் பென்சில் தொலைவதில்லை. தம்பி புதிது கேட்டால் பழைய துண்டைக் காட்ட வேண்டும், சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் இருந்தால் கிடையாது. என்னிடமே பேனா இரவல் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் திரும்பக் கேட்டாள். சற்றுக் கடுமையோ என்று தோன்றினாலும் தலையிடவில்லை.

கணவன் மனைவிக்குள் ஒன்று மட்டும் சொல்வேன். இருவருக்கும் ஆளுக்கு ஒரு சிறு தொகை, கணக்குக் கேட்கக் கூடாது. எவ்வளவு சிறிதானாலும் சரி. அவர் அதில் என்ன வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கிறேன். அதில் கை வைத்தால் கணக்கு மிச்சமாகும், பேச்சு குறைந்துவிடும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இது. பட்டியலில் பள்ளிச் சுற்றுலா ஒன்றுக்குத்தான் ஒதுக்கியிருந்தோம். பள்ளியிலிருந்து இரண்டாவதற்கும் சுற்றறிக்கை வந்துவிட்டது. தோழர்களின் பிறந்தநாள் பரிசுக்கு எடுத்து வைத்ததை அதற்கு மாற்றிவிடலாம், பரிசுகளைத் தானே கையால் செய்துவிடுகிறேன் என்று மகள் மனுக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சம்மதம். அவருக்கு இல்லை, பிறருக்குக் கொடுப்பதில் கை வைக்கக் கூடாது என்கிறார். மகன் அப்பா பக்கம், ஏனென்றால் அடுத்த பிறந்தநாள் அவனுடைய நெருங்கிய தோழனுக்கு. இரண்டுக்கு இரண்டு ஆனதால் முடிவு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் தம்பியின் ஓட்டை மகள் வாங்கிவிடுவாள் என்றே நினைக்கிறேன். நேற்று அவன் பென்சில் டப்பாவில் புத்தம்புதுப் பென்சில் இரண்டு இருந்தன.