12 நிமிடத்தில் எனக்குக் கிடைத்த 20 விநாடி

எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் சிக்கலின்றி முடிந்தன. குழு விவாதத்தில்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். ஒரு மாதம் ஆகியும் மனம் ஆறவில்லை.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு வேலை. திண்டுக்கல்லிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கிப் போனேன். ஒரு மேசையைச் சுற்றி 11 பேர், 12 நிமிடம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா என்பது தலைப்பு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு மூன்று பேர்தான் பேசினார்கள்.

என் தாளில் மூன்று குறிப்புகள் இருந்தன. ஏழாவது நிமிடத்தில், புதிதாக வேலைக்குச் சேருகிறவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் தொழிலைக் கற்பார் என்று தொடங்கினேன். 20 விநாடி இருக்கும். எதிரே இருந்தவர் குரலை உயர்த்தி மறித்தார். சற்று நேரம் கழித்து அதே கருத்தை அவரே சொன்னார். மதிப்பீட்டாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்த பெண் வாயே திறக்கவில்லை. எழுத்துத் தேர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

வெளியே வந்து, எதற்காக நீக்கினீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் பேசவே இல்லையேம்மா, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?" என்றார் அங்கிருந்த அலுவலர். அந்த வேலையோ, வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிப்பது. அதற்குப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற ஆள் வேண்டும். முதலில் கத்துகிறவரைத் தேடி என்ன பயன்?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய முறைகளில் ஒன்று, தலைவர் இல்லாத குழுவைப் பேசவிட்டுக் கவனிப்பது. நம் நாட்டில் முப்படைகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்விலும் குழு விவாதம் உண்டு. பெங்களூருவில் அதற்குப் போய்வந்த என் சித்தப்பா மகனிடம் விசாரித்தேன். ஐந்து நாள் தேர்வில் அது ஒரு சிறு பகுதிதானாம். எழுத்தில் உளவியல் தேர்வுகள், தனி நேர்காணல், குழுவாகத் தடைகளைத் தாண்டுவது எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனியாக மூன்று நிமிடம் பேசவும் வேண்டும்; இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை. படைக்கு ஆள் எடுக்கிற இடத்திலேயே அமைதியானவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குகிறார்கள். பேரேடு பார்க்கிற வேலைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

இரண்டு வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் இன்னொரு நிறுவனம். இந்த முறை தொடங்குவதற்கு முன்பே எழுந்து கேட்டேன்: "சார், முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுக்க முடியுமா?" அவர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். கேட்டால் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். கொடுக்காவிட்டால் முதல் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள்; பிறகு நுழைவது மிகக் கடினம். மேசையின் ஓரத்தில் உட்காராதீர்கள், குரல் எட்டாது. "அவர் சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது" என்பதுபோல இடையில் நுழைய ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது மறித்தால், "முடித்துவிடுகிறேன்" என்று சொல்லித் தொடருங்கள். சென்னையில் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு தம்பி இரண்டு முறை வாயெடுத்து நிறுத்திவிட்டார். "இவர் ஏதோ சொல்ல வந்தார், கேட்போமே" என்றேன். மின்வெட்டு உள்ள ஊர்களில் இணைய வழிப் பயிற்சி எப்படி நடக்கும் என்று அவர் கேட்டதும், மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே எல்லோரும் பேசினோம். அடுத்த சுற்றுக்கான பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் இருக்கின்றன. நேர்காணல் வியாழக்கிழமை.