பசியாறிட்டியா?

கடைக்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "என்ன தம்பி, பசியாறியாச்சா?"

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்குப் பக்கத்தில், சனி ஞாயிறுகளில் நான் சாப்பிடும் நாசி கண்டார் கடை, சோறும் கறியும் விற்கும் கடை, அது. இரண்டு வருடமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் கேட்பார். நானும் "இல்லண்ணே, இங்கதான்" என்பேன். அன்று வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகவில்லை. அவர் கேட்டதும் வாய் அடைத்துக்கொண்டது. தட்டை வாங்காமல் வெளியே வந்து அஞ்சடி நடையில், கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தைய இரவு நாகூரில் என் நண்பன் இறந்துபோயிருந்தான்.

இங்கே பினாங்கில் தமிழ் பேசும் எல்லா வீடுகளிலும், இந்து வீடுகளிலும்கூட, காலை உணவுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. ஏழு வயதிலேயே அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் "டிபன் சாப்பிட்டியா" என்பார்கள். முதல் தடவை அவன் வீட்டுக்குப் போனபோது அவன் உம்மா என்னைப் பார்த்து, "வா வாப்பா, பசியாறிட்டியா?" என்றார்கள். எனக்குப் பசிப்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போய், "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவன்தான். அதற்கு மேல் உம்மா தட்டில் வாடாவை வைத்தார்கள்.

நாகூர் வாடாவைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அரிசி மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் இறாலை வைத்து அழுத்தி எண்ணெயில் போடுவார்கள். ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது என்பதை அவன் எப்படியோ தெரிந்துவைத்திருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "இன்னிக்கு நீ இறால் திங்கக் கூடாதுடா, சாமிக் குத்தம்" என்று சொல்லி என் வாடாவின் நடுவிலிருந்து இறாலை நோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். சுற்றியிருக்கும் மாவு மட்டும் எனக்கு. இறால் பட்ட மாவில் சாமிக் குத்தம் இல்லையாம். இங்கே குச்சோர் ஊடாங் என்று ஒரு பலகாரம் விற்கிறார்கள். அதிலும் இறால் உண்டு. ஆனால் கோதுமை மாவு. முதல் வாரமே படம் எடுத்து அனுப்பினேன். "இதெல்லாம் வாடா இல்லடா" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சரி, பினாங்கு பழகிவிட்டது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தெரிந்த பேருந்து, தெரிந்த கடை. பழகாமல் போனது இங்கத்திய விடியல்தான். காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கும். 1982-இல் இங்கே கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து நம் ஊருக்கும் இதற்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நாகூரில் அவன் சுபுஹு, அதிகாலைத் தொழுகை, தொழுதுவிட்டு வெளியே வரும்போது இங்கே நான் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பேன். ஏழே முக்காலுக்கு போன் அடிக்கும். "பசியாறியாச்சா?" அப்புறம் ஊர்க்கதை. தர்கா வாசலில் அவன் கடைக்கு முன்னால் யார் யாரோடு சண்டை போட்டார்கள், வெட்டாற்றில் தண்ணீர் எவ்வளவு, மினாராவில் புறா குறைந்துவிட்டதா கூடிவிட்டதா என்பது வரை.

அன்று அடித்தது அவன் லாத்தா, அவன் அக்கா. நம்மூர் நேரத்துக்கு வியாழன் இரவு பதினொன்றேமுக்கால். எனக்கு அது வெள்ளிக்கிழமை அதிகாலை இரண்டேகால். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். ஏழு மணிக்கு எழுந்து பார்த்தபோது ஒன்பது தவறிய அழைப்புகள். மாரடைப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். இங்கிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து காரில் நாகூர். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் நான் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். அவர்கள் வழக்கத்தில் காக்கவைக்க மாட்டார்கள். காக்கவைக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அன்று மதியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்தபோது, அங்கே அவன் இன்னும் வீட்டில்தான் இருந்தான். அந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. சூலியா தெரு முனையில் ஒரு சின்ன நாகூர் தர்கா இருக்கிறது. நம்மூர் தர்காவை நினைத்து, கடல் கடந்து வந்தவர்கள் இருநூறு வருடங்களுக்கு முன்னால் கட்டியது. பெரிய மினாரா நம்மூரில் 131 அடி. இங்கே எல்லாம் கைக்கு எட்டுகிற உயரம். அதன் சுவரோரம் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அந்நேரம்தான் அவனைச் சந்தூக்கில், மையத்துப் பெட்டியில், தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எத்தனை தோள்கள் மாறினவோ. என் தோள் அதில் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் லாத்தாவிடம் கேட்டேன். "நான் எந்த நாளை வெச்சுக்கறது லாத்தா? உங்களுக்கு வியாழன், எனக்கு வெள்ளியாச்சே?"

"மஃரிபு ஆயிட்டாலே, பொழுது சாஞ்சிட்டாலே, அடுத்த நாள் கணக்குதான் தம்பி. எங்களுக்கும் அவன் வெள்ளிக்கிழமைலதான் மௌத்தானான்," என்றார்.

இறால் ஞாபகம் வந்து போனிலேயே அழுதுவிட்டேன். லாத்தாவுக்கு ஏன் என்று தெரியாது.

உண்மையில் பினாங்கு அவனுடைய ஊர். அவன் பாட்டனார் சபுராளி, கடல் கடந்து பிழைக்கப் போனவர். சூலியா தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம் என்று இருந்த காலம் அது. அவர் கொண்டுவந்த கறுப்புத் தகரப்பெட்டி அவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. திறந்தால் கோடாலித் தைல வாசனை அடிக்கும். தைலம் எப்போதோ தீர்ந்துவிட்டது, புட்டி மட்டும் கிடந்தது. அதன் மூடியைத் திருகி ஆளுக்கொரு தரம் முகர்ந்துவிட்டு மறுபடி மூடிவைப்போம். கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் ரதம் வரும்போது அதன் கூடவே ஓடி, "பினாங்கு! பினாங்கு!" என்று கத்துவான். சில்லடிக் கடற்கரையில் உட்கார்ந்து, நேராகக் கை நீட்டி "அங்க இருக்கு" என்பான். நான் வெறுமனே கூட உட்கார்ந்திருந்தவன்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவன் வாப்பா இறந்தார். கடை அவன் தலையில் வந்தது. நான் படித்தேன், சென்னைக்குப் போனேன், ஒருநாள் பினாங்கில் வேலை கிடைத்தது. சொன்னபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துப் படம்பிடித்து அனுப்பினான். பாட்டனார் ஊருக்கு எழுதிய கடிதத்தின் உறை. பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் சூலியா தெரு, கதவெண். "அந்தக் கடை இருக்கான்னு மட்டும் பாரு. ஒரு போட்டோ போதும்."

இரண்டு வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தெருவுக்குப் போனேன், சாப்பிட்டேன், திரும்பினேன். வெயில், மழை, கூட்டம், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் அவசரப்படுத்தவில்லை. அவன் கேட்டது அந்த ஒன்றுதான். அதைக்கூட நான் செய்யவில்லை.

அவனுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த வாரம், விடிந்தும் விடியாமலும் போய் எண் எண்ணாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கிடைத்துவிட்டது. கீழே இப்போது காப்பிக்கடை, மேலே பயணிகள் தங்கும் அறைகள். ஆனால் வாசல் தரையில் பழைய பூக்கல் அப்படியே இருந்தது. சிவப்பும் பச்சையுமாக நாலிதழ்ப் பூ. ஒரு கல்லில் மட்டும் மூலை உடைந்து சிமெண்ட் பூசியிருந்தார்கள். கதவுச் சட்டத்தில், வலப்பக்கம், இடுப்புயரத்தில் மரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் ஆட்கள் கை வைத்த இடம். நானும் வைத்தேன்.

உம்மாவுக்கு வீடியோவில் போட்டேன். அங்கே ஐந்தேகால் மணி. தொழுதுவிட்டுத் தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "உம்மா, இதுதான் அந்தக் கடை. நம்ம வீட்டுப் பெரியவர் வேலை பார்த்த இடம்" என்று தரையைக் காட்டினேன், சட்டத்தைக் காட்டினேன், மாடி ஜன்னல்களைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் எங்கோ சேவல் கூவியது கேட்டது.

"போதும், போனைத் திருப்பு. உன் முகத்தைக் காட்டு," என்றார்கள்.

திருப்பினேன்.

"மெலிஞ்சு போயிட்டே. மணி என்ன அங்க? பசியாறிட்டியா வாப்பா?"

"இல்லை உம்மா" என்றேன்.