டப்பாவும் மூடியும்

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது எழுத்து அட்டை, புதிர்க் கட்டை, பாட்டுப் பாடும் பொம்மை என்று வீடு நிறைய வாங்கிப் போட்டிருந்தேன். மூளை நன்றாக வளரவேண்டுமே என்கிற கவலைதான். ஒருநாள் அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்தாள். மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்தினாள், வழுக்கியது, மறுபடி அழுத்தினாள். வாங்கி மூடிக் கொடுக்க என் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை மூடியைத் திருப்பிப் போட்டாள், டப்பென்று உட்கார்ந்தது. சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "மூடிட்டியா!" என்றேன். "டப்" என்றாள். நானும் "டப்" என்றேன். அப்புறம் அரை மணி நேரம் இதே விளையாட்டு.

அந்த நிமிர்ந்த பார்வைக்கு ஒரு பதில் கிடைக்கிறதே, குழந்தையின் அறிவு வளர்ச்சியில் அதைவிடப் பெரிய விஷயம் அதிகமில்லை என்று இப்போது நம்புகிறேன். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, கொஞ்ச நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதைப் படித்தபோது, செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் முகம் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தேன், நெஞ்சு கனத்துப்போனது.

வீடியோவில் நல்லதும் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு 2003இல் பட்ரீசியா குல் என்ற மொழி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே உட்கார்ந்து ஒருவர் விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் இந்தப் பக்கம்தான்: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

என்னை மிகவும் தொட்டது ஜமைக்காவில் நடந்த ஆய்வு. வயதுக்கேற்ற உயரமில்லாத, சத்துக் குறைந்த 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு வருடம், வீட்டில் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டே. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அப்படி வளர்ந்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம்! விலை உயர்ந்த பொம்மை எதுவும் அங்கே இல்லை.

அதற்காகப் பேச்சும் விளையாட்டும் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களுடையதில் சுமார் 80 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது, அதற்குச் சத்து வேண்டும். குறிப்பாக இரும்புச்சத்து. கர்ப்பத்திலிருந்தே அயோடின். குழந்தை சோர்ந்து, வெளிறித் தெரிந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமும் அப்படித்தான், ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. பழைய பெயின்ட் உதிரும் சுவர் இருந்தால் கவனம், அதில் ஈயம் இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்தில்லாத ஈய அளவு என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது: காது. நாம் எவ்வளவு பேசினாலும் அது குழந்தைக்குக் கேட்கவேண்டுமே. கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு தாமதமாகிறது என்றால், "ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே காதைச் சோதித்துவிடுங்கள்.