இரண்டாம் வகுப்புக்கும் இதுதான் முதல் நாள்

நாளை மறுநாள், 2021 நவம்பர் 1, எங்கள் பள்ளி திறக்கிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டியது. நடுவில் பெரிய பிள்ளைகளுக்கு இந்த ஜனவரியில் திறந்தார்கள், மார்ச்சில் மூடினார்கள், செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மறுபடி திறந்தார்கள். எங்களுடையது செஞ்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை. இங்கே 19 மாதத்துக்கு மேல் மணி அடிக்கவில்லை.

போன வாரம் வருகைப் பதிவேட்டைப் புதிதாக எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. இரண்டாம் வகுப்பில் 14 பேர். அவர்களில் ஒருவர்கூட முதல் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. போன வருடம் பெயர் சேர்த்தோம், தேர்ச்சி என்று எழுதி மேலே ஏற்றினோம், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உயிர்மெய் பாதியில் இருக்கும்போது வீட்டுக்குப் போனவர்கள். ஆகவே திங்கட்கிழமை பதிவேட்டில் என்ன வகுப்பு என்று இருந்தாலும் சரி, எனக்கு மூன்று முதல் வகுப்புகள் இருக்கின்றன. இதை ஒத்துக்கொண்டு தொடங்கினால்தான் உருப்படும் என்பது என் உறுதியான எண்ணம். விட்ட பாடத்தை ஓட்டிப் பிடிக்கிறேன் என்று கிளம்பினால் பிள்ளைகள் மிரண்டு போவார்கள்.

சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு கொடுத்த ஒரு நாள், ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். இரண்டாம் வகுப்பு. நான் பெயரைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து, "நீங்கதான் போன்ல கதை சொல்ற டீச்சரா?" என்றாள். என் குரல் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வகுப்பறையை ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் பாதி வீடுகள்கூட இல்லை. இருக்கிற போனும் அப்பாவுடையது, அவர் கட்டட வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருவார், நான் காலையில் அனுப்பிய குரல் பதிவு பிள்ளை தூங்கியபிறகு வீட்டுக்கு வரும். அரசு கேபிளில் 200ஆம் சேனலில் கல்வித் தொலைக்காட்சி வந்தது, நல்ல பாடங்கள்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானாக உட்கார்ந்து பார்க்கும், ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் பார்க்காது. பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் களை எடுக்கப் போயிருந்தார்கள். இரண்டு பையன்கள் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனவர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுவை புங்கமரத்தடியில் கூட்டினோம். ஒரு அறைக்கு 20 பேர், முகக்கவசம், சோப்பு, வெப்பமானி எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் படித்துச் சொன்னார். கிருமியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். முதல் கேள்வி ஒரு அம்மா கேட்டது: "எம்புள்ளைக்கு இங்க யாரையும் தெரியாது டீச்சர், ஒண்ணுக்கு வந்தா யாருகிட்ட சொல்லும்?" எந்த நெறிமுறையிலும் இதற்குப் பதில் இல்லை. பேசிப் பேசி முடிவெடுத்தோம். முதல் மூன்று நாளும் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் நான்கு பேர் முறை வைத்து வராண்டாவில் இருப்பார்கள். எங்களிடமே படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். புதன்கிழமை முதலமைச்சர் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தாரே, தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அதில் தன்னார்வலராகச் சேரப்போகிறாள். சாயங்காலம் அவள் பார்த்துக்கொண்டால் எனக்குப் பாதி பாரம் குறையும்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. முகக்கவசம் போட்டுக்கொண்டு ல, ள, ழ மூன்றையும் எப்படிச் சொல்லித் தருவது? நாக்கு எங்கே மடிகிறது என்று பிள்ளை என் வாயைப் பார்க்க வேண்டும், அதன் வாயை நான் பார்க்க வேண்டும். இதற்காகவே முகத்தை மறைக்காத கண்ணாடித் தடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், எழுத்து வகுப்பை மட்டும் மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார வைத்து நடத்தப்போகிறேன். மழை வந்தால் அன்றைக்குக் கதையும் பாட்டும்தான். சாப்பாடும் இரண்டு பந்தி, நெருக்கி உட்காராமல்.

வியாழக்கிழமை தீபாவளி. மூன்று நாளுக்காக எதற்குத் திறக்க வேண்டும், பண்டிகை முடிந்து திறக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று நாள் வந்து விளையாடிவிட்டுப் போனால், தீபாவளிக்கு வருகிற மாமா அத்தையிடம் எல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்த வாரம் அழாமல் வருவார்கள்.

இன்று சாயங்காலம் வரை அட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். பெயரைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் தன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு இடத்திலும் பெயரோடு ஒரு படம்: மயில், பூசணிக்காய், சைக்கிள், டிராக்டர். ஜன்னலில் எட்டிப் பார்த்த அந்தப் பெண்ணிடம் உனக்கு என்ன படம் வேண்டும் என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். ஆட்டுக்குட்டி என்றாள். முதல் வரிசையில், ஜன்னல் பக்கமாக ஒட்டியிருக்கிறேன்.