கறளைத் தொடாதேங்கோ, அண்ணா

கிளாங்கில் இருக்கும் பெரியப்பாவின் மகன் போன கிழமை ஒரு வாளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் அப்பப்பா மலாயா ரயில்வேயில் வேலை செய்த காலத்திலிருந்து அந்த வீட்டில் கிடக்கிறது, 1941 டிசம்பரில் சைக்கிளில் வந்த ஜப்பான் படையோடு வந்த அதிகாரியின் வாள் என்பது குடும்பக் கதை. கிளிநொச்சியில் கரண்ட் இல்லாத இரவில், போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.

முதலில் கைபிடி. ஜப்பான் இராணுவம் சார்ஜன்ட்மாருக்குக் கொடுத்த, 1935இல் வந்த வாள் என்றால் பெரும்பாலும் கைபிடி உலோக வார்ப்பு, நாடா சுற்றியதுபோல் பெயின்ற் அடித்திருப்பார்கள், அலகில் தொடர் இலக்கம் குத்தியிருக்கும். இதில் இருப்பது நிஜ நாடா, அதற்கடியில் வெள்ளையாய்ப் பொரிப்பொரியாய்த் திருக்கைத் தோல், முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அதைக் காட்டித்தர வேண்டியதில்லை. ஆக, அதிகாரியின் வாள்தான்.

ஆனால் கைபிடியையும் உறையையும் வைத்து அலகின் வயதைச் சொல்லவே கூடாது. அதிகாரிகள் வாளைத் தங்கள் காசில் வாங்கினார்கள், சிலர் பரம்பரை அலகையே இராணுவக் கைபிடியில் பூட்டிக்கொண்டு போனார்கள். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைபிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடித்தண்டைப் பார்த்தால்தான் விசயம் தெரியும். ஒரு பக்கம் கொல்லரின் பெயர், மறுபக்கம் திகதி, இரண்டுமே இல்லாத வாள்களும் உண்டு. திகதி ஷோவா ஆண்டில், அதாவது அப்போதைய ஜப்பான் சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டுக் கணக்கில் இருந்தால் 1925ஐக் கூட்டுங்கள். அண்ணாவின் வாளில் ஷோவா 18, அதாவது 1943. சிங்கப்பூர் விழுந்ததே 1942 பெப்ரவரி 15இல். சைக்கிள் படை வந்தபோது இந்த வாள் அடிக்கப்படவே இல்லை!

சரி, கதை போனால் போகட்டும். எனக்கு நெஞ்சு பதறியது வேறு படத்தில். பெயர் இருந்த பக்கத்தை அண்ணா குத்துவிளக்கு மினுக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அடித்தண்டின் கறள்தான் வாளின் வயதுக்குச் சாட்சி, நூற்றாண்டுகள் கண்ட அலகில் அது கறுத்து இறுகியிருக்கும், போர்க்கால அலகில் அப்படி இறுகியிருக்காது. பெயரில் இப்போது இரண்டு எழுத்துத்தான் மிச்சம். பெயருக்கு மேலே சின்ன நட்சத்திர முத்திரை இருந்திருந்தால், இராணுவம் பதிந்துவைத்த கொல்லர் பழைய முறையில் அடித்த வாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடம் பளபளவென்று வெறுமையாக இருக்கிறது.

உடனே போன் எடுத்து, அலகுக்கு மட்டும் மெல்லிசாய் எண்ணெய் பூசுங்கோ, அடித்தண்டில் ஒன்றுமே போடாதேங்கோ என்றேன். நாளைக் காலை வெயில் சரிவாக விழும்போது அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.