மண்ணெண்ணெய் இறைப்பிலிருந்து சூரிய இறைப்புக்கு: இணுவில் தோட்டமொன்றின் அனுபவம்

2022 ஆகஸ்ட் 22 முதல் இலங்கையில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களுக்கு விலையை விடப் பெரிய துன்பம், அதற்கு முந்திய மாதங்களில் அந்த எண்ணெய் கிடைக்காமலே போனதுதான். நம் நாட்டில் மசகு எண்ணெய், அதாவது கச்சா எண்ணெய், எடுக்கப்படுவதில்லை. 1969 முதல் இயங்கும் ஒரே சுத்திகரிப்பு நிலையமான சபுகஸ்கந்தையும் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 இறுதியிலேயே தற்காலிகமாக மூடப்பட்டது. எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குக் கட்டவேண்டிய பணம் கட்டப்படாவிட்டால் இணுவிலில் வெங்காயப் பாத்தி காய்ந்துபோகும் என்பதை அந்த ஆண்டு நாங்கள் கண்ணாலேயே கண்டோம்.

எங்கள் இறைப்பு இயந்திரத்தில் இரண்டு தாங்கிகள் உண்டு. சிறியதிலுள்ள பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடேறியதும் திருகை மாற்றி மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். ஆகவே ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டாலும் இறைப்பு இல்லை. கானில் பெற்றோல் தர நிரப்பு நிலையங்கள் மறுத்தன. வாராந்தப் பங்கீட்டுக்காக வந்த கியூஆர் அட்டையோ தொடக்கத்தில் இலக்கத் தகடுள்ள வாகனங்களுக்கே பயன்பட்டது. 1990 ஜூனுக்குப் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்ட காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கும், துலா மிதித்துப் பட்டையால் இறைத்ததும் அவர்களுக்குப் பழங்கதையல்ல. ஆனால் இன்று துலா மிதிக்க ஆளும் இல்லை, துலாவும் இல்லை.

முதலில் மின்மோட்டரையே எண்ணினோம். மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததால் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. கூரையில் சூரியப் பனல் பூட்டி மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் முறையையும் விசாரித்தோம். அயலில் ஒரு வீட்டில் அத்தகைய தொகுதி இருந்தது. மின்வெட்டு நேரத்தில், நல்ல வெயிலிலும், அது ஒரு விளக்கைக்கூட எரியவைக்கவில்லை. சபையின் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இத்தகைய தொகுதியில் பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும்; கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறைபாடல்ல. மின்வெட்டிலும் வேலை செய்யவேண்டுமானால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் தேவை, செலவும் பெரிதாகக் கூடும். சூரிய மின்சாரம் பற்றிப் பேசும் பலர் இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். வாங்க நினைப்பவர்கள் முதற் கேள்வியாக இதைத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே சபையின் இணைப்போடு தொடர்பில்லாத, பனலிலிருந்து நேரே மோட்டருக்குப் போகும் தொகுதியைத் தெரிவுசெய்தோம். முதலில் அணுகிய விற்பனையாளர் கிணற்றைப் பார்க்காமலே, எத்தனை குதிரைவலு வேண்டும் என்று மட்டும் கேட்டு விலை சொன்னார். இரண்டாமவர் நேரில் வந்து, ஆவணி மாதத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று கேட்டு, அங்கிருந்து தொட்டியின் வாய்வரை உள்ள உயரத்தைக் கயிறு விட்டு அளந்தார். வாய்க்காலின் கடைசிப் பாத்திவரை நடந்தும் பார்த்தார். மாரியில் கிணறு நிறைந்து நிற்கும்போது அளந்து மோட்டர் பூட்டினால் கோடையில் அது திணறும் என்பதால், அளந்து பார்த்தவரையே நம்பினோம். ஒன்றரைக் குதிரைவலு மோட்டர், அதற்கு ஐந்து பனல்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. நாம் இருப்பது வடக்கு அகலக்கோடு ஏறத்தாழ 10 பாகையில். ஆகவே பனல்களைத் தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே அளவு சரிவில் நிறுத்தினோம். வேலியோரத்து வேம்பின் கிளைகளைத் தறிக்க வேண்டியிருந்தது. ஒரு பனலின் மூலையில் நிழல் விழுந்தாலே தொடராக இணைத்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும்.

பற்றரி வாங்கவில்லை. அந்தக் காசில் சீமெந்துத் தொட்டியைப் பெரிதாக்கினோம், ஏனென்றால் தோட்டத்துக்கு வேண்டியது சேமித்த மின்சாரமல்ல, சேமித்த தண்ணீர். காலை ஏழு மணிக்குக் குழாயில் நூலாக வரும் நீர் பதினொரு மணிக்குப் பின் முழு வேகம் பிடிக்கும். முன்பு விடியப்புறமே இறைத்து முடித்த நாங்கள், இப்போது பகலில் தொட்டியை நிறைத்து மாலையில் பாத்திகளுக்கு விடுகிறோம். மாரியில் முகில் மூடினால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் வடகீழ்ப் பருவமழையே பயிருக்குப் போதும்; இறைப்பு அதிகம் தேவைப்படுவது தை தொடங்கிக் கோடை முழுவதும், அப்போது வெயிலுக்குக் குறைவில்லை.

என்னைக் கவலைப்பட வைக்கும் விடயம் வேறு. எண்ணெய்க்குக் காசு கொடுத்து இறைத்தபோது, பாத்தி நிறைந்ததும் உடனே இயந்திரத்தை நிறுத்தினோம். வெயிலுக்குக் காசில்லை என்றவுடன் மோட்டர் சும்மா ஓடட்டுமே என்ற எண்ணம் வந்துவிடுகிறது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. கணக்கின்படி அதன் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. எண்ணெயால் கெட்ட நிலத்தடி நீரைக் கண்ட ஊர் நாங்கள். எண்ணெயை விட்டபின் உப்பால் அதைக் கெடுக்கக் கூடாது. தொட்டி நிறைந்ததும் மோட்டரை நிறுத்தும் மிதவை ஆளியைப் பூட்டியிருக்கிறோம். ஒரு பகுதிக்குச் சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று. சூரிய இறைப்புக்குக் கடனோ மானியமோ கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொத்தச் செலவு ஐந்து இலட்சம் ரூபாவைச் சற்றுத் தாண்டியது; பாதி கையிருப்பு, மீதி கூட்டுறவுக் கடன். அப்போதைய 340 ரூபா மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் நாலைந்து போகத்துக்குள் இந்தப் பணம் திரும்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறோம். உழவும், வெங்காயம் ஏற்றும் லொறியும் இன்னும் டீசலில்தான். எண்ணெய்க்கு மறுபடி தட்டுப்பாடு வந்தால் பயிர் காயாது. ஆனால் விளைந்ததைத் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்ப வழியில்லாமல் நிற்போம். அதனால் விளைச்சலைச் சில வாரம் கெடாமல் வைக்கக் காற்றோட்டமான கொட்டில் ஒன்றை அடுத்த போகத்துக்கு முன் கட்டவேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து பேசிவருகிறோம்.